கருமாதி முடிந்தவருக்கு ஒரு கார்டியன்

எழுபதுகளின் நடுவில் திருவண்ணாமலை கோர்ட்டில் கறுப்புக் கோட்டு போட்ட பெண் நான் ஒருத்திதான். கட்சிக்காரர்கள் என்னைத் தேடி வரமாட்டார்கள். வந்தாலும், "ஐயா இல்லீங்களா?" என்று என் சீனியரைக் கேட்பார்கள். இல்லை என்றால் என் முன்னால் காலியாகக் கிடக்கும் நாற்காலியை விட்டுவிட்டு வராந்தாவில் போய் நின்றுகொண்டு காத்திருப்பார்கள். நான் சும்மா உட்கார்ந்திருப்பது ஜட்ஜின் கண்ணிலும் பட்டிருக்க வேண்டும். யாரும் தொட விரும்பாத ஒரு வேலையை என் தலையில் கட்டினார்.

புத்தி தடுமாறி, தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்ள முடியாமல் போன வயசானவர்களுக்கு, சொந்தக்காரர்கள் யாரும் முன்வராவிட்டால், கோர்ட்டே ஒரு பொறுப்பாளரை நியமிக்கும். கோர்ட் கார்டியன் என்று சொல்வோம். ரிட்டயர் ஆன வாத்தியார், மளிகைக் கடைக்காரர், சத்திரத்து மேனேஜர் என்று ஊரில் நல்ல பேர் உள்ள யாராவது ஒருவர் இருப்பார். அவர்கள் அந்தப் பெரியவர்களை ஒழுங்காக வைத்திருக்கிறார்களா என்று நேரில் போய்ப் பார்த்து ஜட்ஜுக்கு ரிப்போர்ட் கொடுப்பதுதான் என் வேலை. "பொம்பளைங்க போனாத்தாம்மா சமையல்கட்டு வரைக்கும் பார்க்க முடியும்" என்று ஒரு பெரிய வக்கீல் எனக்கு விளக்கம் சொன்னார். சமையல்கட்டைப் பார்க்கத் தெரிந்தவளுக்கு சிவில் கேஸ் நடத்தவும் தெரியும் என்பது மட்டும் அவருக்குத் தோன்றவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் வேலையை எடுத்துக்கொண்டேன். சும்மா உட்கார்ந்திருப்பதைவிட பஸ்ஸில் அலைவது மேல் என்று பட்டது.

போகப் போக எனக்கென்று ஒரு முறை வந்துவிட்டது. வருகிறேன் என்று சொல்லி அனுப்பமாட்டேன். சாப்பாட்டு நேரத்துக்குப் போய் நிற்பேன். மடித்து வைத்த பாயையும் துவைத்த வேட்டியையும் பார்க்கமாட்டேன், காலைப் பார்ப்பேன். கால் நகம் வெட்டியிருந்தால், அந்த ஆளை யாரோ ஒருவர் தரையில் உட்கார்ந்து தொட்டுப் பார்த்துக்கொள்கிறார்கள் என்று அர்த்தம். ஒரு ரிட்டயர்டு வாத்தியார், நான் தெருமுனையில் வருவதை எப்படியோ தெரிந்துகொண்டு, தன் பொறுப்பில் இருந்த கிழவருக்கு அவசர அவசரமாகப் புது வேட்டி கட்டி, முகத்துக்குப் பவுடர் பூசி, திருநீறும் இட்டு உட்கார வைத்திருந்தார். கல்யாண மாப்பிள்ளை தோற்றான். காலைப் பார்த்தால் நகம் வளைந்து விரலுக்குள்ளேயே போயிருந்தது. "பவுடர் போடறதுக்கு முன்னால ஒரு நகவெட்டி வாங்கியிருக்கலாமே சார்" என்றேன். அவர் அதற்குப் பிறகு என்னிடம் முகம் கொடுத்துப் பேசியதே இல்லை.

அப்போதெல்லாம் பௌர்ணமிக்கு மலை சுற்ற இப்போது வருகிற மாதிரி கூட்டம் வராது. கூட்டம் என்றால் கார்த்திகை தீபம்தான். தீபம் முடிந்து, ஸ்பெஷல் பஸ்களெல்லாம் போன பிறகு, ஊரில் சில வயசானவர்கள் மிச்சம் இருப்பார்கள். கூட்டத்தில் கை நழுவித் தொலைந்தவர்கள் உண்டு, கைகழுவப்பட்டவர்களும் உண்டு. வித்தியாசம் கண்டுபிடிப்பது சுலபம். தொலைந்துபோனவர் கையில் ஒன்றும் இருக்காது. விட்டுவிட்டுப் போன குடும்பம், மாற்றுத்துணி வைத்த பையைக் கையில் கொடுத்துவிட்டுத்தான் போயிருக்கும். எவ்வளவு அக்கறை பாருங்கள்! அந்தப் பைகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு யார் கழுத்தையாவது பிடிக்க வேண்டும் போல இருக்கும்.

நான் சொல்ல வந்த பெரியவர் இந்த இரண்டிலும் சேராதவர். காவி கட்டிக்கொண்டு, மலை சுற்றும் பாதையில் நிருதி லிங்கத்துப் பக்கம் பல வருஷமாக உட்கார்ந்திருந்தவர். ஒரு தீபத்தின்போது மாட்டுவண்டி காலில் ஏறிவிட்டது. ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். கால் ஓரளவு தேறியது. ஆனால் பேர் கேட்டால் சொல்லத் தெரியவில்லை, ஊர் கேட்டால் மலையைக் காட்டினார். வெளியே அனுப்பினால் எங்கே போவார் என்று ஆஸ்பத்திரியில் இருந்து கோர்ட்டுக்கு எழுதினார்கள். செங்கம் ரோட்டில் இருந்த ஒரு சத்திரத்தின் மேனேஜரை கோர்ட் அவருக்குக் கார்டியனாகப் போட்டது.

அந்த மேனேஜர் ஓயாமல் புலம்புகிற மனிதர். நான் போகும்போதெல்லாம், "இந்த ஆளால எனக்கு எவ்வளவு தொல்லை தெரியுமாம்மா? சொறிஞ்சு சொறிஞ்சு உடம்பெல்லாம் புண்ணு. வேப்பெண்ணெய் தடவித் தடவி என் கையே கசக்குது" என்பார். நான் பெரியவரின் காலைப் பார்ப்பேன். நகம் சீராக வெட்டியிருக்கும். மேனேஜரின் புலம்பலைக் காதில் போட்டுக்கொள்ளாமல் 'திருப்தி' என்று எழுதிக் கொடுத்துவிடுவேன்.

அடுத்த தீபம் வந்தது. தீபத்தை ஒட்டி எங்கள் ஊரில் மாட்டுச் சந்தை கூடும். அவலூர்ப்பேட்டைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து மாடு விற்க வந்த ஒருவர் சத்திரத்தில் சாப்பிட உட்கார்ந்தார். எதிர் வரிசையில் இருந்த பெரியவரைப் பார்த்ததும் இலையை விட்டு எழுந்துவிட்டார். "இவரு செத்துட்டாருங்க!" என்று கத்தினாராம். மேனேஜர் அவரைத் தனியாகக் கூப்பிட்டுத் தண்ணீர் கொடுத்து விசாரித்தார். பெரியவர் அந்த ஊர்க்காரர்தான். வீட்டை விட்டுப் போய் ஏழு வருஷம் ஆனதும், இனி வரமாட்டார் என்று ஊர் கூடி முடிவுசெய்து, தர்ப்பைப் புல்லில் ஆள் போல ஒரு உருவம் செய்து, ஏரிக்கரையில் எரித்து, பதினாறாம் நாள் கருமாதியும் முடித்துவிட்டார்கள். "நானே அந்தக் கருமாதிச் சோறு சாப்பிட்டிருக்கேங்க" என்று அந்த மனிதர் நடுங்கிக்கொண்டே சொன்னாராம்.

மேனேஜர் எனக்கு ஆள் அனுப்பினார். அவருக்கு இது நல்ல சமயத்தில் கிடைத்த சேதி. சத்திரத்துச் சொந்தக்காரர்கள் அதை இடித்துவிட்டு லாட்ஜ் கட்டப்போகிறார்கள், தனக்கு வேலை போகிறது, பெரியவரை இனிமேல் வைத்திருக்க முடியாது என்று அவர் ஏற்கெனவே கோர்ட்டில் சொல்லியிருந்தார். வேறு கார்டியன் யாரும் கிடைக்கவில்லை. குடும்பத்தார் யாராவது வந்து ஏற்றுக்கொள்ளாவிட்டால் மெட்ராஸில் இருக்கும் மனநோய் ஆஸ்பத்திரிக்குத்தான் அனுப்ப வேண்டும் என்று ஜட்ஜ் சொல்லிவிட்டார். எங்கள் ஊரிலிருந்து அங்கே அனுப்பப்பட்ட வயசானவர் யாரும் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை. இந்த மனிதருக்கு வெயில் ஏறும் வரை வாசலில் உட்கார்ந்து மலையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். மெட்ராஸில் மலைக்கு எங்கே போவது?

நான் பஸ் ஏறி அந்தக் கிராமத்துக்குப் போனேன். வீடு புதுசாக வெள்ளையடித்து, வாசலில் பந்தல்கால் நட ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. பெரியவருக்கு ஒரே மகன். நாற்பது வயசு இருக்கும். என்னை நாற்காலி போட்டு உட்கார வைத்து, மோர் கொடுத்து, நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, "எங்கப்பா செத்துட்டாருங்க" என்றார்.

"மாட்டுக்காரர் நேர்ல பார்த்திருக்காரே" என்றேன்.

"காவி கட்டி தாடி வச்சா எல்லாரும் ஒண்ணு மாதிரிதாங்க இருப்பாங்க. என் பொண்ணுக்கு தை மாசம் கல்யாணம். செத்தவன் திரும்பி வந்த வீடுன்னு தெரிஞ்சா மாப்பிள்ளை வீட்டுக்காரன் நிச்சயத்துப் பாக்கைத் திருப்பி அனுப்பிடுவான். மாட்டுக்காரரு வந்து சொன்ன அன்னிக்கே அய்யரைக் கேட்டேன். கருமாதி முடிஞ்ச ஆளு வீட்டுக்குள்ள வரணும்னா, மறுபடியும் பொறந்தவரா நினைச்சு எல்லாச் சடங்கும் செய்யணுமாம். எங்கம்மாவுக்கு மறுபடியும் தாலி கட்டணுமாம். பேத்தி கல்யாணத்துக்கு முன்னால பாட்டிக்குக் கல்யாணம்னு ஊரே சிரிக்காதா? நீங்களே சொல்லுங்க."

கெட்ட மனிதராக இருந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். நாலு வார்த்தை கேட்டுவிட்டு வந்திருப்பேன். அவர் பெண்ணைப் பெற்றவர், பயந்துபோயிருந்தார்.

இதற்குள் உள்ளேயிருந்து அவருடைய அம்மா வந்தார். ஒல்லியான உருவம். நெற்றியிலும் கழுத்திலும் ஒன்றும் இல்லை. காலி மோர் டம்ளரை எடுத்துக்கொண்டு போகத்தான் வந்தவர், எடுத்துக்கொண்டு அங்கேயே நின்றார்.

"கால்ல அடியாமே. நடக்கறாரா?" என்றார்.

"நடக்கறாரும்மா. கொஞ்சம் தாங்கித் தாங்கி."

"அம்மா, நீ உள்ள போ" என்றார் மகன்.

அவர் போகவில்லை. குரல் ஏறியது. "தீபம் பார்த்துட்டு வரேன்னு போனாருங்க வக்கீலம்மா. சண்டையா, சச்சரவா? ஒண்ணும் கிடையாது. அறுப்பு முடிஞ்சு நெல்லு களத்துல கிடக்குது, போயிட்டு வரேன்னு துண்டை உதறிப் போட்டுக்கினு போனாரு. அன்னிக்கே எங்கேயாவது விழுந்து செத்தாரோன்னு நான் கிணறு கிணறா பார்த்தேன். ஏழு வருஷம் பொட்டு வச்சுக்கினு காத்திருந்தேன். அப்புறம் ஊரு கூடிப் புல்லு பொம்மையை எரிச்சு, என் கழுத்துல இருந்ததை அறுத்தாங்க. வளையலை உடைச்சாங்க. அன்னிக்கி இவரு எங்க இருந்தாரு? இதோ, பஸ்ஸு போற தூரத்துல மலையைச் சுத்திக்கினு இருந்தாரா? இப்போ புத்தி போனதும் பொண்டாட்டி வேணுமா? நான் யாருக்கும் பொண்டாட்டி இல்லைங்க. போய்ச் சொல்லுங்க."

டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். மகன் என்னைப் பார்த்து, 'கேட்டீங்கல்ல' என்பது போலக் கையை விரித்தார்.

திரும்பி வரும் பஸ்ஸில் எனக்கு மனசு ஒரு நிலையில் இல்லை. சட்டம் எப்போதும் ஒரு கேள்வியைத்தான் கேட்கும்: இந்த முதியவரைப் பார்த்துக்கொள்ளத் தகுதியானவர் யார்? பெண்டாட்டி இருந்தால் பெண்டாட்டி என்று உடனே பதில் வந்துவிடும். அந்தப் பெண்டாட்டிக்கு இந்த ஆள் தகுதியானவரா என்று கேட்க எந்தப் பிரிவிலும் இடம் இல்லை. அந்த அம்மா முடியாது என்று சொன்னது எனக்கு சந்தோஷமாகத்தான் இருந்தது. கூடவே அந்தக் கிழவரை மெட்ராஸ் பஸ்ஸில் ஏற்றப்போகிறார்களே என்ற நினைப்பும் விடவில்லை. இரண்டும் ஒரே நேரத்தில் இருந்தது. எந்தப் பக்கம் நிற்பது என்று தெரியாமல், பக்கத்து சீட்டில் கோழிக்கூடையை வைத்திருந்தவரிடம் காரணமில்லாமல் எரிந்து விழுந்தேன்.

கொஞ்ச நாள் கழித்து, ஒரு பிரதோஷத்தன்று, அந்த அம்மா என் ஆபீஸ் வாசலில் வந்து நின்றார். மகனிடம் கோயிலுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு வந்திருந்தார்.

"தூரமா நின்னு ஒரு தடவை பார்த்துட்டுப் போயிடறேன். அவருகிட்ட ஒண்ணும் சொல்ல வேணாம்" என்றார்.

சத்திரத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். சாப்பாட்டு நேரம். பந்தியில் பெரியவர் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். தாடியை மேனேஜர் எடுக்கச் சொல்லியிருந்தார் போலிருக்கிறது. முகம் தெளிவாகத் தெரிந்தது. அந்த அம்மா தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டார். முந்தானையை இழுத்து முகத்தை மறைத்துக்கொண்டு, ஒரு கண்ணால் பார்த்தார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அதில் ஒன்றும் தெரியவில்லை. சந்தை மாட்டைப் பார்ப்பது போலத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

பரிமாறுகிறவர் வாளியோடு வரிசையில் வந்தார். பெரியவரின் இலையில் கத்திரிக்காய்ப் பொரியலைக் கரண்டி நிறைய வைத்தார்.

"அடடா, அதைப் போடாதீங்க!" என்று தூணுக்குப் பின்னாலிருந்து சத்தம் வந்தது. "உடம்பெல்லாம் தடிச்சுப் போயிடும். சொறிஞ்சு சொறிஞ்சு ரத்தம் வரும்."

பந்தி முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பெரியவர் மட்டும் நிமிரவில்லை. மேனேஜர் ஓடி வந்தார். "அதுதானா? ஒரு வருஷமா வேப்பெண்ணெய் தடவறேனேம்மா! வாரத்துல பாதி நாள் கத்திரிக்காய்தான் போடறோம். நீங்கதான் இவரோட சம்சாரமா?"

அந்த அம்மா முந்தானையை இன்னும் இழுத்துக்கொண்டார். "எங்க வீட்டுக்காரருக்கு அது ஆகாது. அதைச் சொன்னேன். இவரு யாரோ, என்னமோ" என்று சொல்லிவிட்டு விடுவிடுவென்று வெளியே போய்விட்டார்.

பின்னாலேயே ஓடினேன். ரோட்டில், ஒரு டீக்கடை நிழலில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

"அம்மா, அவர்தானே?" என்றேன்.

"கோர்ட்டுல கேக்கும்போது சொல்றேன். இப்பக் கேக்காதீங்க."

"என்ன சொல்லப் போறீங்கன்னாவது..."

"எனக்கே தெரியாதுங்க" என்றார். அவருக்குக் கண்ணில் தண்ணீர் எதுவும் இல்லை. பஸ் வந்ததும் ஏறிப் போய்விட்டார்.

கத்திரிக்காய் விஷயத்தை ரிப்போர்ட்டில் எழுதியிருந்தால் ஜட்ஜ் பாதி முடிவுக்கு வந்திருப்பார். மேனேஜர் எழுதச் சொல்லி என்னை நச்சரித்தார். நான் எழுதவில்லை. ஒரு தடவை அந்த அம்மாவைக் கேட்காமலே ஊர் கூடி அவரை விதவையாக்கியது. இன்னொரு தடவை அவரைக் கேட்காமல் கோர்ட் கூடிப் பெண்டாட்டி ஆக்க வேண்டாம் என்று நினைத்தேன். இதில் எனக்கு இன்றுவரை வருத்தம் கிடையாது. ஆனால் கேஸ் வாய்தா வரும் வரை சரியாகத் தூங்கவில்லை.

விசாரணை நாள் வந்தது. மகன் தன் பக்கத்துக்கு ஒரு வக்கீலை வைத்திருந்தார். சத்திரத்தில் இருப்பவர் தன் அப்பா இல்லை என்பது மகனுடைய வாதம். மாடு விற்க வந்தவர் சாட்சிக்கு வரவே இல்லை. ஊர்ப் பகை எதற்கு என்று நினைத்திருப்பார். ஆக எல்லாம் அந்த அம்மா சொல்லப்போவதில் வந்து நின்றது. தெரியாது என்று ஒரு வார்த்தை சொன்னால், பெரியவர் அந்த வாரமே மெட்ராஸுக்குப் போய்விடுவார்.

காலையில் வராந்தாவில் வைத்து அந்த அம்மாவின் விவரத்தை நான்தான் எழுதினேன். பேர், வயசு, ஊர் எல்லாம் கேட்டுவிட்டு, "புருஷன் பேரு?" என்றேன். ரேஷன் கடையில் சொல்வது மாதிரி பட்டென்று சொன்னார். எங்கள் பக்கத்துக் கிராமங்களில் புருஷன் உயிரோடு இருக்கும் வரை அவன் பேர் பெண்டாட்டி வாயில் வராது. அதே பேர் உள்ள மளிகைக் கடையைக்கூட 'மூலைக் கடை' என்றுதான் சொல்வாள். அவன் செத்த பிறகு பட்டா மாற்றவும் கார்டு வாங்கவும் ஆபீஸ் ஆபீஸாகப் போய்ச் சொல்லிச் சொல்லிப் பழகிவிடும். இவரும் பழகியிருந்தார். அவர் சொன்ன வேகத்தைப் பார்த்து, சரி, இவர் முடிவுசெய்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

கேஸைக் கூப்பிட்டார்கள். மேனேஜர் பெரியவரைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து பெஞ்சில் உட்கார வைத்தார். வெள்ளை வேட்டி கட்டிவிட்டிருந்தார். புண்ணெல்லாம் ஆறி, தோல் தேறியிருந்தது. பெரியவர் மேலே சுற்றும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். மகன் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. அம்மா கூண்டை நோக்கி நடக்கும்போது மட்டும் எழுந்து, தாழ்ந்த குரலில், "அம்மா, உன் பேத்தி வாழ்க்கை உன் கையில இருக்குது" என்றார். எனக்குக் கேட்டது.

அந்த அம்மா கூண்டில் ஏறி, சத்தியம் செய்தார். பெஞ்ச் கிளார்க் பேனாவைத் தயாராக வைத்துக்கொண்டு வழக்கமான கேள்விகளைக் கேட்டார்.

பேர் சொன்னார். வயசு சுமாராகச் சொன்னார். ஊர் சொன்னார்.

"புருஷன் பேரு?"

அவர் கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டார்.

"புருஷன் பேரு என்னாம்மா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். கூண்டின் கட்டையைப் பிடித்திருந்த கையை எடுத்து, முந்தானையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டார். பெஞ்ச் கிளார்க்குக்கு எரிச்சல் வந்தது. "வெளியில கேஸ் எவ்வளவு இருக்குது தெரியுமா? சீக்கிரம் சொல்லும்மா."

ஜட்ஜ் கையைக் காட்டி அவரை நிறுத்தினார். நான் எழுதிக் கொடுத்திருந்த தாளைப் புரட்டிப் பார்த்தார். "இதுல பேர் எழுதியிருக்கும்மா. நீங்கதானே காலையில சொன்னீங்க?"

"ஆமாங்க. நான்தான் சொன்னேன்."

"காலையில சொன்ன பேரை இப்போ சொல்றதுக்கு என்ன?"

அந்த அம்மா நிமிர்ந்தார். ஜட்ஜைப் பார்க்கவில்லை, மகனைப் பார்க்கவில்லை. பெஞ்சுப் பக்கம் ஒரு நிமிஷம் கண்ணைத் திருப்பி, மறுபடி குனிந்துகொண்டார்.

"காலையில அவரு இங்க இல்லீங்க. இப்போ உக்காந்துக்கினு இருக்காரு. அவரை வச்சுக்கினு நான் எப்படிங்க பேரைச் சொல்லுவேன்?"

ஜட்ஜ் எழுத ஆரம்பித்தார். மகனுடைய வக்கீலைக் குறுக்கு விசாரணைக்குக் கூப்பிட்டார். அவர் பாதி எழுந்து, தன் கட்சிக்காரரின் முகத்தைப் பார்த்துவிட்டு, "கேள்வி இல்லீங்க" என்று உட்கார்ந்துவிட்டார். நான் கைக்குட்டையைத் தேடினேன், கிடைக்கவில்லை. கோட்டுக் கையிலேயே துடைத்துக்கொண்டேன். அத்தனை ஆண் வக்கீல்கள் பார்க்க நான் கோர்ட்டில் அழுதது அந்த ஒரு தடவைதான். பொம்பளை வக்கீல் அழுகிறாள் என்று யாராவது சொல்லியிருந்தால் செருப்பைக் கழற்றியிருப்பேன். யாரும் சொல்லவில்லை. என்னைச் சமையல்கட்டுக்கு அனுப்பிய பெரிய வக்கீல் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

மத்தியானத்துக்குள் உத்தரவு வந்தது. இவரைப் பார்த்துக்கொள்கிறீர்களா என்று ஜட்ஜ் கேட்டதற்குத் தலையாட்டியிருந்த அந்த அம்மாவே பெரியவருக்குக் கார்டியன். வராந்தாவில் மகன் அம்மாவை மறித்துக்கொண்டு நின்றார். கோபமாக இருப்பார் என்று நினைத்தேன். அவர் அழுதுகொண்டிருந்தார்.

"வீட்டுக்குள்ள எப்படிம்மா கூட்டிக்கினு வருவ? நான் என்னாம்மா செய்வேன்?"

"உன் வீட்டுக்கு யாருடா வரோம்னாங்க? எங்கம்மா எனக்கு எழுதி வச்ச கொல்லை ஊருக்கு வெளிய இருக்குது. பம்பு செட்டு ரூமுல இருந்துக்கறோம்."

"கல்யாணம்?"

அந்த அம்மா முந்தானையால் மகனின் முகத்தைத் துடைத்துவிட்டார். அந்தப் பேத்தியைக் கைக்குழந்தையிலிருந்து வளர்த்தவர் அவர்தான் என்று பிறகு எனக்குத் தெரிந்தது.

"கல்யாணம் முடிஞ்சு, பொண்ணு புருஷன் வீட்டுக்குப் போற வரைக்கும் நாங்க ரெண்டு பேரும் ஊருக்குள்ள வரலை. பாட்டி எங்கன்னு கேட்டா காசிக்குப் போயிட்டாங்கன்னு சொல்லு. நல்லா நடத்து. அழாதடா."

மகன் குனிந்து அம்மாவின் காலைத் தொட்டார். பெஞ்சில் உட்கார்ந்திருந்த அப்பாவின் பக்கம் ஒரு தடவை பார்த்தார். கிட்டே போகவில்லை. வேகமாகப் படியிறங்கிப் போய்விட்டார்.

மேனேஜர் ஒரு பாட்டிலில் மீதி வேப்பெண்ணெயைக் கொண்டுவந்து கொடுத்தார். அந்த அம்மா வேண்டாம் என்று சொல்லாமல் வாங்கி வைத்துக்கொண்டார். பெரியவரை நடக்க வைத்து பஸ் ஸ்டாண்டுக்குக் கூட்டிப்போக நானும் கூடப் போனேன். புதுக் கார்டியன் முதியவரை எப்படி அழைத்துப் போகிறார் என்று பார்ப்பதும் என் வேலைதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தாங்கித் தாங்கி நடந்தவருக்கு ஏற்ற மாதிரி அந்த அம்மா ஓரடி பின்னால் மெதுவாக நடந்தார். கையைப் பிடிக்கவில்லை. ரோட்டைக் கடக்கும்போது மட்டும் வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டார்.

அவலூர்ப்பேட்டை பஸ் கிளம்பத் தயாராக இருந்தது. படியில் ஒரு காலை வைத்த பெரியவர் நின்றார். பின்னால் திரும்பி, தன்னை இவ்வளவு தூரம் கூட்டிவந்த பெண்ணை அப்போதுதான் பார்ப்பது போலப் பார்த்தார். அவருடைய குரலை நான் அவ்வளவு தெளிவாக அதுவரை கேட்டதில்லை. முன்பின் தெரியாத ஒருவரிடம் பேசுகிற மரியாதையோடு கேட்டார்.

"நீங்க எந்த ஊரும்மா?"

நான் அந்த அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"உங்க ஊருதாங்க" என்றார் அவர். "பார்த்து ஏறுங்க, படி உசரமா இருக்குது."